நையாண்டிச் செய்தி: முகமூடியும் முகமும்



2024ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அமெரிக்காவில் நடந்த ஓர் ஏலம் உலகச் செய்தி ஏடுகளில் இடம்பிடித்தது. ஏலத்துக்கு வந்தது 'இன்ஃபோவார்ஸ்' என்னும் ஊடக நிறுவனம். அதை நடத்தி வந்தவர் அலெக்ஸ் ஜோன்ஸ்.

2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் நியூடவுன் ஊரில், சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளிக்குள் புகுந்த ஒருவன் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் சுட்டுக் கொன்றான். அந்தக் குழந்தைகளுக்கு ஆறு, ஏழு வயதுதான். ஆனால் அப்படி ஒரு படுகொலை நடக்கவே இல்லை, எல்லாம் திட்டமிட்ட நாடகம், அழுகின்ற பெற்றோர் நடிக்க வந்தவர்கள் என்று ஜோன்ஸ் பல ஆண்டுகள் தம் நிகழ்ச்சியில் பேசி வந்தார். செய்தி அரங்கு, மேசை, ஒலிவாங்கி, நிபுணர் பேட்டி என எல்லாம் இருந்தன. நம்பியவர்கள், பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்களைத் தேடிப்பிடித்துத் திட்டினார்கள், மிரட்டினார்கள். குடும்பங்கள் வழக்குத் தொடுத்தன. 2022இல் 100 கோடி டாலருக்கும் அதிகமான தொகையை இழப்பீடாக வழங்கும்படி தீர்ப்புகள் வந்தன. ஜோன்ஸ் திவால் நீதிமன்றத்தை நாடினார். இன்ஃபோவார்ஸ் ஏலத்துக்கு வந்தது இப்படித்தான்.

ஏலத்தில் வென்றதாக அறிவிக்கப்பட்டது 'தி ஆனியன்' என்னும் நையாண்டிச் செய்தி நிறுவனம். பாதிக்கப்பட்ட கனெக்டிகட் குடும்பங்கள் அதற்குத் துணை நின்றன. தங்களுக்குச் சேர வேண்டிய தொகையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கவும் முன்வந்தன. ஏலம் நடந்த முறையில் குறை கண்ட நீதிபதி, டிசம்பர் மாதத்தில் அந்த விற்பனைக்கு ஒப்புதல் தர மறுத்துவிட்டார் என்பது பின்கதை.

இங்கே நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பொய்ச் செய்தியால் நெஞ்சு கிழிந்த பெற்றோர் அவர்கள். 'தி ஆனியன்' எழுதுவதும் நடக்காத செய்திகளைத்தான். அப்படியிருக்க அந்தப் பெற்றோர் ஏன் அதன் பக்கம் நின்றார்கள்? ஒருவர் சொல்லும் பொய்க்கும் மற்றவர் செய்யும் நையாண்டிக்கும் உள்ள வேறுபாடு என்ன? தினமும் கைப்பேசியில் நூறு செய்திகளைப் பெற்று, அவற்றில் பத்தையாவது பிறருக்குத் தள்ளிவிடும் நமக்கு இது தேவையான கேள்வி.

செய்திக்கு ஓர் உடை உண்டு

'தி ஆனியன்' 1988ஆம் ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் இரண்டு கல்லூரி மாணவர்கள் தொடங்கிய ஏடு. பெயருக்குத் தமிழில் பொருள் வெங்காயம். நம் ஊரில் ஒருவர் சொல்வதை ஒன்றுமில்லை என்று தள்ள 'பெரிய வெங்காயம்' என்போம். உரிக்க உரிக்கக் கண்ணில் நீர் வரும் என்பதையும் மறக்கக் கூடாது. இரண்டுமே அந்த ஏட்டுக்குப் பொருந்தும்.

அதன் உத்தி எளிமையானது. செய்தித்தாள் எப்படி எழுதுமோ அப்படியே எழுதுவது. தலைப்பு, ஊர்ப் பெயர், தேதி, புள்ளிவிவரம், நிபுணர் கருத்து, நேரில் கண்டவர் சாட்சியம், எதிர்த்தரப்பு விளக்கம் எல்லாம் இருக்கும். எழுதுபவர் ஓரிடத்திலும் சிரிக்க மாட்டார். விளக்கிச் சொல்வதைவிட நானே ஒன்றை எழுதிக் காட்டுகிறேன். இது முழுக்க முழுக்கக் கற்பனை.

"மறையுரை 7 நிமிடங்களில் முடிந்தது: இறைமக்கள் அதிர்ச்சி. (நமது நிருபர்) ஞாயிறு காலைத் திருப்பலியில் பங்குத்தந்தை ஆற்றிய மறையுரை 7 நிமிடங்களில் முடிவடைந்ததால் ஆலயத்தில் பெரும் பரபரப்பு நிலவியது. 'இப்படி நடக்கும் என்று யாருமே எதிர்பார்க்கவில்லை. நான் அப்போதுதான் கண்ணை மூடினேன்' என்று பெயர் வெளியிட விரும்பாத பாடகர் குழு உறுப்பினர் ஒருவர் தெரிவித்தார். வாகனங்கள் நிறுத்தும் இடத்தில் பேசிக்கொண்டிருந்த ஆண்கள் உள்ளே வருவதற்குள் நம்பிக்கை அறிக்கை முடிந்துவிட்டதாக நேரில் கண்டவர்கள் கூறினர். சம்பவம் குறித்து விசாரிக்க மூவர் குழு அமைக்கப்பட்டுள்ளது. மறையுரை விரைவில் 35 நிமிட இயல்பு நிலைக்குத் திரும்பும் என்று பங்குப்பேரவை வட்டாரங்கள் நம்பிக்கை தெரிவித்தன."

இதைப் படித்து நீங்கள் சிரித்திருந்தால், எதற்காகச் சிரித்தீர்கள் என்று பாருங்கள். இதில் நகைச்சுவைத் துணுக்கு எதுவும் இல்லை. 'அதிர்ச்சி', 'பரபரப்பு', 'இயல்பு நிலை', 'மூவர் குழு', 'வட்டாரங்கள்' எல்லாம் நாம் தினமும் காலையில் தேநீரோடு படிக்கும் சொற்கள். கலவரத்துக்கும் வெள்ளத்துக்கும் உரிய உடையை ஒரு சின்ன மறையுரைக்கு மாட்டிவிட்டேன், அவ்வளவுதான். சட்டை பெரிது, ஆள் சிறிது. அந்தப் பொருந்தாமையிலிருந்து சிரிப்பு பிறக்கிறது.

சிரித்து முடித்த பின் ஒன்று மிஞ்சுகிறது. சாமியார்கள் நீட்டி முழக்குகிறோம் என்பது உண்மை. மறையுரை 8 நிமிடங்களைத் தாண்டக் கூடாது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூன் 12 அன்று தம் பொதுச் சந்திப்பில் சொன்னார். மறையுரை தொடங்கியதும் வெளியே போய் நிற்பவர்கள் உண்டு என்பதும் உண்மை. நடக்காத செய்தி ஒன்று, நடக்கின்ற இரண்டு உண்மைகளைச் சொல்லிவிட்டது. நேரடியாகச் சொல்லியிருந்தால் எனக்கும் கோபம் வந்திருக்கும், உங்களுக்கும் வந்திருக்கும்.

இன்னொன்றையும் இது காட்டிக்கொடுக்கிறது. 'வட்டாரங்கள் தெரிவித்தன' என்று உண்மையான செய்தியில் படிக்கும்போது, எந்த வட்டாரம் என்று நாம் கேட்பதில்லை. எண் ஒன்றைப் போட்டுவிட்டால் நம்பிவிடுகிறோம். செய்தியை நாம் பல நேரங்களில் அதன் உடையைப் பார்த்தே நம்புகிறோம்.

சின்னக் குரலில் பெரிய துயரம்

இதே உத்தியைத் திருப்பியும் போடலாம். தாங்க முடியாத கொடுமையை, அலுவலக அறிக்கையின் அமைதியான குரலில் சொல்வது. 1729இல் அயர்லாந்தில் பசியும் வறுமையும் தலைவிரித்தாடியபோது, டப்ளின் நகரின் புனித பேட்ரிக் ஆங்கிலிக்கன் பேராலயத் தலைவராக இருந்த ஜொனாதன் ஸ்விஃப்ட் ஒரு சிறு நூலை வெளியிட்டார். பொருளாதார நிபுணர் எழுதும் திட்ட அறிக்கை போலவே அது இருக்கும். ஆண்டுதோறும் ஏழைகளுக்குப் பிறக்கும் குழந்தைகள் 1,20,000 என்று கணக்குப் போட்டு, அவர்களில் 1,00,000 பேரை ஒரு வயதானதும் பணக்காரர் உணவுக்கு விற்றுவிடலாம் என்று நிதானமாகப் பரிந்துரைக்கும். படிப்பவருக்குக் குலை நடுங்கும். அதுதான் நோக்கம். ஏழைகளை வெறும் எண்ணாகப் பார்க்கும் பேச்சு ஏற்கெனவே நாட்டில் இருந்தது. அந்தப் பேச்சை அதன் எல்லைவரை கொண்டுபோய்க் காட்டினார் அவர். ஏழைகளை ஏற்கெனவே தின்றுகொண்டிருந்தவர்கள் தங்கள் முகத்தை அந்தக் கண்ணாடியில் பார்த்தார்கள்.

'தி ஆனியன்' ஏட்டிலும் இப்படி உண்டு. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் தகர்க்கப்பட்டன. நகைச்சுவையாளர்கள் எல்லாரும் வாய் மூடி நின்ற நாட்கள் அவை. செப்டம்பர் 26 அன்று அந்த ஏடு ஒரு சிறப்பிதழ் கொண்டுவந்தது. அதில் ஒரு செய்தி: கடவுள் செய்தியாளர் கூட்டம் நடத்துகிறார். இடிந்த கோபுரங்களின் அருகே நின்று, கொலை செய்யாதே என்ற கட்டளையில் உங்களுக்கு என்ன புரியவில்லை என்று மனிதரிடம் கோபத்தோடு விளக்கம் சொல்கிறார். அரசு அதிகாரிகள் விளக்கம் தரும் அதே நடையில் செய்தி போகிறது. கடைசியில் கடவுள் பேச்சை நிறுத்துகிறார். சற்று நேரம் அமைதி. பிறகு அவருடைய தோள்கள் குலுங்குகின்றன, அவர் அழுகிறார் என்று செய்தி முடிகிறது.

எழுதியவர்கள் இறையியல் படித்தவர்களா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் எருசலேமைப் பார்த்து அழுத ஆண்டவரை (லூக்கா 19:41) அந்தச் செய்தி எனக்கு நினைவூட்டியது. மறையுரை மேடை செய்ய வேண்டியதை அன்று ஒரு நையாண்டி ஏடு செய்தது.

2014ஆம் ஆண்டு மே மாதம் முதல் அது செய்துவரும் மற்றொன்று இன்னும் கூர்மையானது. அந்த மாதம் கலிஃபோர்னியாவில் துப்பாக்கிச் சூடு ஒன்று நடந்தது. 'இதைத் தடுக்க வழியே இல்லை' என்று, இப்படி அடிக்கடி நடக்கின்ற ஒரே நாடு கூறுகிறது என்னும் பொருளில் ஒரு செய்தி வெளியிட்டார்கள். அடுத்த துப்பாக்கிச் சூட்டின்போது அதே செய்தியை, ஊர்ப் பெயரையும் இறந்தோர் எண்ணிக்கையையும் மட்டும் மாற்றி மீண்டும் போட்டார்கள். அதன்பின் மீண்டும், மீண்டும். 2022 மே மாதம் டெக்சாஸ் மாநிலத்தின் யுவால்டியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டபோது, அதுவரை போட்ட அத்தனை பிரதிகளையும் ஒரே முகப்பில் அடுக்கினார்கள். அதைப் பார்த்து யாருக்கும் சிரிப்பு வராது. வார்ப்பு மாறாமல் எண்ணிக்கை மட்டும் மாறும் செய்திகளுக்கு ஒரு சமூகம் பழகிவிட்டது என்பதை அதைவிட அழுத்தமாக எந்தத் தலையங்கமும் சொன்னதாக நான் அறியேன். சாண்டி ஹூக் பெற்றோர் ஏன் அவர்களை நம்பினார்கள் என்பதற்குப் பாதி விடை இதில் இருக்கிறது.

நாத்தான் கொண்டுவந்த வழக்கு

தமிழருக்கு இது புதிய கலை அல்ல. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார், அவனுடைய படைக்கலக் கொட்டிலைப் பார்த்தார். உன் வேல்கள் மயிற்பீலி சூடி, நெய் பூசி, பளபளவென்று காவலில் இருக்கின்றன. அதியமான் வேலோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது என்றார். புகழ்ச்சியின் உடையை அணிந்து வந்த எச்சரிக்கை அது. உன் படை போர்க்களம் கண்டதில்லை என்று மன்னனுக்குப் புரிந்திருக்கும். இதை நம் இலக்கணம் வஞ்சப்புகழ்ச்சி என்று பெயரிட்டு வைத்திருக்கிறது.

திருவிவிலியத்திலும் இதற்குச் சிறந்த சான்று உண்டு. தாவீது அரசர் உரியாவின் மனைவியைக் கவர்ந்து, உரியாவைப் போர்முனையில் சாகவைத்தார். இறைவாக்கினர் நாத்தான் அவர்முன் வந்தார் (2 சாமுவேல் 12:1-7). அவர் எடுத்த எடுப்பில் கண்டிக்கவில்லை. ஒரு வழக்கைக் கொண்டுவந்தார். ஒரே ஊரில் பணக்காரன் ஒருவன், ஏழை ஒருவன். பணக்காரனுக்கு ஏராளமான மந்தை, ஏழைக்கு மகள்போல் வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டி. விருந்தாளி வந்தபோது பணக்காரன் அந்தக் குட்டியைப் பறித்துச் சமைத்துவிட்டான். அரசவைக்கு வரும் முறையீடு எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. தாவீது உண்மை வழக்கென்றே நம்பினார். அப்படிச் செய்தவன் சாக வேண்டும் என்று சினந்து தீர்ப்புச் சொன்னார். அந்தக் கணத்தில் நாத்தான் திரையை விலக்கினார்: அந்த மனிதன் நீரே.

அந்த வழக்கு நடக்காத ஒன்று. ஆனாலும் நாத்தானைப் பொய்யர் என்று யாரும் சொல்ல மாட்டோம். ஏனென்றால் அவர் போட்ட வேடம், கழற்றுவதற்காகவே போட்ட வேடம். கழற்றிய கணத்தில் தாவீதுக்குத் தம் முகம் தெரிந்தது. நல்ல நையாண்டியின் இலக்கணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். அது நம்மை ஒரு நொடி ஏமாற்றும், நம்மை விழிக்கவைக்க. பொய்யும் அதே உடையைத்தான் உடுத்துகிறது. ஆனால் அது ஒருநாளும் கழற்றாது. ஜோன்ஸ் கழற்றவில்லை. நீதிமன்றம்தான் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

இதற்கு நம் காலத்திலும் ஒரு காட்சி உண்டு. ஸ்டீபன் கோல்பேர் என்னும் கத்தோலிக்கர் 2005 முதல் 2014 வரை, தற்பெருமை பிடித்த செய்தி விமர்சகராக வேடமிட்டுத் தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்தினார். 2010 செப்டம்பர் 24 அன்று, வயல்களில் வேலைசெய்யும் புலம்பெயர் தொழிலாளர்களைப் பற்றிச் சாட்சியம் அளிக்க அமெரிக்க நாடாளுமன்றத்தின் துணைக்குழு ஒன்று அவரை அழைத்தது. ஒருநாள் பண்ணையில் தாமே வேலை செய்து பார்த்திருந்தார். வேடத்திலேயே பேசி அவையைச் சிரிக்கவும் முகம் சுளிக்கவும் வைத்தார். முடிவில் உறுப்பினர் ஒருவர், இந்த விஷயத்தில் உங்களுக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்டார். அப்போது வேடம் கழன்றது. அதிகாரம் எதுவும் இல்லாத மக்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன் என்றார். சின்னஞ்சிறிய சகோதரருக்குச் செய்தது எனக்கே செய்தது என்ற ஆண்டவரின் வார்த்தையை (மத்தேயு 25:40) நினைவுகூர்ந்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூன் 14 அன்று நூற்றுக்கும் மேற்பட்ட நகைச்சுவைக் கலைஞர்களை வத்திக்கானுக்கு அழைத்தபோது, கோல்பேரும் அங்கே இருந்தார். கடவுளைப் பார்த்தும் சிரிக்கலாம், நாம் அன்பு செய்கிறவர்களோடு விளையாடிச் சிரிப்பதுபோல என்று திருத்தந்தை அன்று அவர்களிடம் பேசினார்.

கழற்றப்படாத முகமூடி

எல்லாருக்கும் வேடம் புரிந்துவிடுவதில்லை. 1957 ஏப்ரல் 1 அன்று பி.பி.சி. தொலைக்காட்சியின் 'பனோரமா' நிகழ்ச்சியில் மூன்று நிமிடச் செய்திப் படம் ஒன்று வந்தது. சுவிட்சர்லாந்தின் தெற்கே பெண்கள் மரங்களிலிருந்து ஸ்பகெட்டி அறுவடை செய்கிறார்கள் என்பது செய்தி. நம் நூடுல்ஸ் மரத்தில் காய்க்கிறது என்று சொல்வதைப் போல. குரல் கொடுத்தவர் ரிச்சர்ட் டிம்பிள்பி. 1945இல் பெல்சன் வதைமுகாமின் கொடுமையை வானொலியில் சொன்னதும், 1953இல் அரசியின் முடிசூட்டு விழாவை வருணித்ததும் அவரே. அந்தக் குரல் சொன்னால் பொய்யாகுமா? பலர் தொலைபேசியில் அழைத்து, அந்த மரத்தை வளர்ப்பது எப்படி என்று விசாரித்தார்கள்.

படிப்பறிவில்லாதவர்கள்தான் ஏமாறுவார்கள் என்றும் எண்ண வேண்டாம். 2012 செப்டம்பரில் ஈரானின் ஃபார்ஸ் செய்தி நிறுவனம், அமெரிக்க நாட்டுப்புற வெள்ளையர்கள் ஒபாமாவைவிட ஈரான் அதிபர் அகமதிநெஜாதையே விரும்புகிறார்கள் என்ற 'தி ஆனியன்' செய்தியை உண்மையென்று வெளியிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டது. அதே ஆண்டு நவம்பரில் சீனாவின் 'மக்கள் நாளிதழ்' இணையதளம், வடகொரியத் தலைவர் கிம் ஜாங் உன் உலகின் கவர்ச்சிமிக்க ஆணாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்ற நையாண்டியை 55 படங்களோடு கொண்டாடியது. தனக்கு இனிப்பாக இருக்கும் செய்தியை மனிதன் சோதித்துப் பார்ப்பதில்லை. நம் கட்சிக்கு, நம் சாதிக்கு, நம் மதத்துக்கு இனிப்பான செய்தி வரும்போது நாமும் அப்படித்தான்.

அப்படியானால் ஒவ்வொன்றின் தலையிலும் 'இது நையாண்டி' என்று எழுதிவிடலாமே? இந்தக் கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 2016இல் ஓஹியோ மாநிலத்தின் பார்மா நகரில் ஒருவர், உள்ளூர்க் காவல்துறையின் முகநூல் பக்கத்தைப் போலவே ஒரு கேலிப் பக்கம் தொடங்கினார். காவல்துறை அவரைக் கைது செய்து நான்கு நாட்கள் சிறையில் வைத்தது. அவர் குற்றமற்றவர் என்று நடுவர் குழு விடுவித்தது. பிறகு அவர் காவல்துறைமீது வழக்குத் தொடர்ந்தார். அவருக்கு ஆதரவாக 2022 அக்டோபரில் 'தி ஆனியன்' ஓர் ஆவணத்தைத் தாக்கல் செய்தது. சட்ட ஆவணத்தின் கம்பீர நடையில், தனக்குத் தினமும் 4.3 இலட்சம் கோடி வாசகர்கள் இருப்பதாக அது தொடங்கியது. உலக மக்கள்தொகையே ஏறத்தாழ 800 கோடிதான்! நையாண்டி முதலில் உண்மைபோல் தோன்றினால்தான் வேலை செய்யும், முன்கூட்டியே அறிவித்துவிட்டால் செத்துவிடும் என்பது அதன் வாதம். 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது. ஆனாலும் வாதம் சிந்திக்கத் தக்கது. 'நான் சொல்லப்போவது கற்பனை' என்று நாத்தான் தொடங்கியிருந்தால், தாவீது கொட்டாவி விட்டிருப்பார்.

ஆனால் 'நையாண்டி' என்ற பெயரே ஒளிந்துகொள்ளும் இடமாகவும் ஆகிவிட்டது. 2016 ஜூலையில், திருத்தந்தை பிரான்சிஸ் அமெரிக்க அதிபர் தேர்தலில் டொனால்ட் டிரம்பை ஆதரிக்கிறார் என்ற செய்தி கிளம்பியது. முதலில் வெளியிட்டது, உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையம்போல் பெயர் வைத்துக்கொண்ட ஓர் இணையதளம். தன் செய்திகள் பெரும்பாலும் நையாண்டி அல்லது கற்பனை என்று யாரும் திறந்து பார்க்காத ஒரு மூலையில் அது எழுதி வைத்திருந்தது. அந்தச் செய்தியில் சிரிக்க ஒரு வரி கிடையாது. அதிகாரத்தின் எந்தப் போலித்தனத்தையும் அது தோலுரிக்கவில்லை. உடை மட்டும் இருந்தது, உள்ளே கழற்றிக் காட்ட முகம் இல்லை. பல இலட்சம் பேர் அதைப் பகிர்ந்தார்கள். திருத்தந்தையோ அந்த ஆண்டு அக்டோபரில் கேட்டபோது, திட்டங்களை நன்கு ஆராய்ந்து, செபித்து, மனச்சான்றின்படி தேர்ந்தெடுங்கள் என்று மட்டுமே சொன்னார்.

அயலானை ஏமாற்றிவிட்டு 'விளையாட்டுக்குத்தான் செய்தேன்' என்பவனை, தீக்கொள்ளியையும் அம்பையும் எறியும் பைத்தியக்காரனுக்கு ஒப்பிடுகிறது நீதிமொழிகள் நூல் (26:18-19). கைப்பேசி வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன் எழுதியது!

இங்கேதான் நம் பங்கும் வருகிறது. ஒருவர் நையாண்டியாக எழுதியதை நாம் முதல் இரண்டு வரி மட்டும் வெட்டி, அல்லது படமாக எடுத்து, குடும்பக் குழுவிலும் அன்பியக் குழுவிலும் போடுகிறோம். எங்கிருந்து வந்தது என்பது போய்விடுகிறது, கடைசி வரியும் போய்விடுகிறது. எழுதியவர் முகமூடியைக் கழற்ற வைத்திருந்த இடத்தையே நாம் கத்தரித்துவிடுகிறோம். எழுதும்போது நையாண்டியாக இருந்தது, நம் விரல் பட்டதும் பொய்ச்சாட்சியாகிறது. எட்டாம் கட்டளை எழுதியவருக்கு மட்டும் உரியதல்ல. சரியான ஆதாரமின்றி அயலாரின் குற்றத்தை நம்புவதும், உண்மைக்கு மாறானதைச் சொல்லி அவர் பெயரைக் கெடுப்பதும் பாவம் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2477) தெளிவாகக் கற்பிக்கிறது. பூசை முடிந்து வெளியே வந்ததும், 'சாமி, இது உண்மையா?' என்று கைப்பேசியை நீட்டுபவர்கள் பலர். நல்ல கேள்வி. ஆனால் அதைக் கேட்கும் முன்பே ஐந்து குழுக்களுக்கு அனுப்பியாகிவிடுகிறது என்பதுதான் வருத்தம்.

யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

இன்னும் ஒரு சோதனை உண்டு. ஆளுநர் மாளிகையின் உட்புறம் நடந்ததை நினைத்துப் பாருங்கள் (மத்தேயு 27:27-31). படைவீரர்கள் இயேசுவுக்குச் செந்நிற மேலாடை போர்த்துகிறார்கள். தலையில் முள்முடி. கையில் செங்கோலாக ஒரு கோல். முன்னே முழந்தாள்படியிட்டு அரசே வாழ்க என்கிறார்கள். அரசவையின் மரபுகளில் ஒன்றையும் அவர்கள் விடவில்லை. பெரிய உடையைச் சிறியவருக்கு மாட்டிச் சிரிக்கும் அதே உத்திதான். சிலுவைமேல் வைத்த அறிவிப்பும் அரசாங்க முறைப்படி எபிரேயம், இலத்தீன், கிரேக்கம் என மூன்று மொழிகளில் இருந்தது (யோவான் 19:20).

நாத்தானும் படைவீரர்களும் கையாண்டது ஒரே கருவியைத்தான். ஆனால் நாத்தான் அரியணையில் இருப்பவர் முன் நின்று, ஆட்டுக்குட்டியை இழந்தவனுக்காகப் பேசினார். படைவீரர்கள் கை கட்டப்பட்டவரைச் சுற்றி நின்று, அரியணைக்காகச் சிரித்தார்கள். நையாண்டி மேல்நோக்கிப் போகிறதா, கீழ்நோக்கி விழுகிறதா என்று பார்த்தாலே அது இறைவாக்கா, வதையா என்று தெரிந்துவிடும். நிறத்தை, உடல் குறையை, சாதியை, பெண்களை, அகதிகளை, வீட்டு வேலை செய்பவர்களைக் கேலிசெய்து நம் குழுக்களில் வரும் 'செய்திகள்' எந்தப் பக்கம் நிற்கின்றன? அவற்றுக்கு நாம் போடும் சிரிப்புப் பொம்மைகள், முழந்தாள்படியிட்ட அந்தப் படைவீரர்களின் சிரிப்போடு சேர்ந்துகொள்கின்றன.

அந்தக் கேலியில் ஒரு வியப்பும் உண்டு. கேலிக்காக எழுதியதும் சொன்னதும் உண்மையாக இருந்தன. அவர் அரசர்தான். மனிதர் பொய்யாகப் போர்த்திய உடைக்குள்ளும் கடவுள் தம் உண்மையை நிறுத்தினார்.

தெளிந்த கண், இளகிய மனம்

2018 ஜனவரி 24, எழுத்தாளர்களின் பாதுகாவலரான புனித பிரான்சிஸ் சலேசியாரின் திருநாளன்று, திருத்தந்தை பிரான்சிஸ் பொய்ச் செய்திகளைப் பற்றி உலக சமூகத்தொடர்பு நாள் செய்தி வெளியிட்டார். தொடக்க நூலின் பாம்பை (3:1-5) முதல் பொய்ச் செய்தியின் ஆசிரியர் என்று அதில் காட்டினார். பாம்பு பொய்யோடு தொடங்கவில்லை. அக்கறையுள்ளவர் கேட்பதுபோல் ஒரு கேள்வியோடு தொடங்கியது. உண்மையைப்போல் இருப்பதுதான் பொய்யின் பலம் என்று அவர் எச்சரித்தார். அவருக்குப்பின் 2025 மே 8 அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை பதினான்காம் லியோ, நான்கே நாட்களில் செய்தியாளர்களைச் சந்தித்து, சொற்களிலிருந்து ஆயுதங்களைக் களையுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

நாம் என்ன செய்யலாம்? செய்தியைக் கடைசி வரிவரை படிப்போம், நையாண்டி தன் முகத்தைக் காட்டுவது பெரும்பாலும் அங்கேதான். எங்கிருந்து வந்தது, எந்தத் தேதியில் வந்தது என்று பார்ப்போம். நமக்கு மிகவும் இனிப்பாக இருக்கும் செய்தியை இருமடங்கு சந்தேகிப்போம். யாருடைய பெயராவது கெடும் என்றால், உறுதியாகத் தெரியாதவரை நம் விரலை நிறுத்துவோம். தவறாக அனுப்பிவிட்டால், அனுப்பிய அதே குழுவில் திருத்தம் சொல்வோம். பிள்ளைகளோடு உட்கார்ந்து, இது செய்தியா, கேலியா, பொய்யா என்று கண்டுபிடிக்கும் விளையாட்டை விளையாடிப் பாருங்கள். பல நேரங்களில் அவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள்.

அதே வேளையில் நம்மைப் பார்த்து யாராவது நையாண்டி செய்தால் உடனே கொதித்தெழ வேண்டாம். திருச்சபையைக் கேலிசெய்யும் எல்லாமே பகைமையால் வருவதல்ல. சிலவற்றில் நாத்தான் நிற்கிறார். தாவீது நாத்தானைச் சிறையில் தள்ளவில்லை, கேலிப் பக்கம் நடத்தியவரைப் பிடித்துச்சென்ற காவல்துறையைப்போல் நடந்துகொள்ளவில்லை. 'நான் பாவம் செய்தேன்' என்று தலைகுனிந்தார். நகைச்சுவை உணர்வைத் தரும்படி புனித தாமஸ் மோர் பெயரால் வழங்கும் செபத்தைத் தினமும் சொல்வதாகத் திருத்தந்தை பிரான்சிஸ் கூறியிருக்கிறார். தன்னைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்தவரைப் பொய் எளிதில் ஏமாற்றாது.

இரக்கமுள்ள ஆண்டவரே, உண்மையின் உடையில் வரும் பொய்யை அடையாளம் காணும் கண்களை எங்களுக்குத் தாரும். கேலியின் உடையில் வரும் உண்மையை ஏற்றுக்கொள்ளும் தாழ்ச்சியைத் தாரும். எங்கள் சிரிப்பு எளியவர் எவரையும் காயப்படுத்தாதிருக்கட்டும். ஆமென்.